ஊதினால் ஓவியம், வெடித்தால் குப்பையா?



"நிலைக்காத கலைகளால் பயன் உண்டா?" என்பது இன்றைய கருத்தரங்கின் கேள்வி. கோலம், மணல் சிற்பம், பழங்களில் செதுக்கும் சிற்பம் என்று பலவற்றைப் பற்றி இங்கே பேசுகிறார்கள். இந்த உரை எடுத்துக்கொண்டிருப்பது, அவற்றிலெல்லாம் குறைவாக மதிக்கப்படும் ஒன்றை. அதுதான் பலூன் மொசைக் ஓவியம்.

பலூன் என்றவுடன் பிறந்தநாள் விருந்தும், கேக் மேசையும், அதன் பின்னால் வளைவாகக் கட்டிய அலங்காரமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பலூன் மொசைக் அதிலிருந்து வேறுபட்டது. ஒரே அளவில் ஊதிய நூற்றுக்கணக்கான பலூன்களை நிறம் பார்த்து வரிசையாக அடுக்கி, தூரத்தில் நின்று பார்த்தால் ஒரு மயிலாகவோ, கொடியாகவோ, குத்துவிளக்காகவோ தெரியும்படி செய்வது அது. அருகில் போனால் வெறும் வண்ண உருண்டைகள். இருபது அடி தள்ளி நின்றால் ஓவியம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. இத்தனை பேர் கூடி, இத்தனை மணி நேரம் உழைத்து, இரண்டு நாளில் சுருங்கிப் போகும் ஒன்றைச் செய்ய வேண்டுமா? "ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்தானாம்" என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் கதைதானே இது? மிச்சமாகும் ரப்பர் குப்பையை யார் அள்ளுவது? இந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் பலூனைப் புகழ்வது நேர்மையாகாது. ஆகவே, முதலில் அந்தக் கலை எப்படி இயங்குகிறது என்று பார்த்து, பிறகு கேள்விகளுக்கு வரலாம்.

சில்லுகளால் ஆன படம்

மொசைக் என்ற சொல் நம்மவர்களுக்குப் புதிதன்று. பழைய வீடுகளின் குளிர்ச்சியான மொசைக் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பார்கள். சின்னச் சின்னத் துண்டுகளைப் பதித்து ஒரு பரப்பை உண்டாக்குவதே மொசைக்.

இதன் வரலாறு நீண்டது. இத்தாலியின் பொம்பெய் நகர இடிபாடுகளில் 1831ல் ஒரு மாளிகைத் தரை கண்டெடுக்கப்பட்டது. மாமன்னர் அலெக்சாண்டரும் பாரசீக மன்னர் டாரியசும் மோதும் போர்க்காட்சி அது. மில்லியனுக்கும் அதிகமான சிறு கற்சில்லுகளால் ஆனது. இன்று நேப்பிள்ஸ் நகர அரும்பொருளகத்தில் உள்ளது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கோலாலம்பூரில் 1963ல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகத்தின் முகப்பில், ஓவியர் சியோங் லாய்தோங் வடிவமைத்த இரு பெரும் சுவரோவியங்கள் கண்ணாடிச் சில்லுகளால் ஆனவை. சிங்கப்பூரில் தோ பாயோவின் கடல்நாக விளையாட்டிடம் 1979ல் உருவானது. சின்னச் சின்ன ஓடுகள் பதித்த அந்த நாகத்தின் தலைமீது ஏறி விளையாடிய பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளை எடுத்திருப்பார்கள்.

இன்னும் அருகில் வந்தால், வாசற்படியிலேயே இருக்கிறது புள்ளிக் கோலம். முதலில் புள்ளிகளை வரிசையாக வைக்க வேண்டும். நேர்ப்புள்ளியா, இடைப்புள்ளியா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு புள்ளி தவறினால் கோலம் முழுவதும் கோணும். பலூன் மொசைக் செய்பவர் போடும் கணக்கும் ஏறக்குறைய இதுவே. நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்ற பேச்சு இந்த உரையில் மறுபடியும் வரும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி வேலை கண்ணுடையது

வெறும் உருண்டைகள் எப்படி உருவமாகின்றன? படத்தின் பாதியைச் செய்வது கை, மறுபாதியைச் செய்வது பார்ப்பவரின் கண்.

பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் சுரா 1884 முதல் 1886 வரை பாடுபட்டு வரைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூங்காக் காட்சியில், தூரிகையின் சின்னச் சின்னத் தொடுகைகளையும் புள்ளிகளையும் அருகருகே வைத்தே உருவங்களைக் கொண்டுவந்தார். நிறங்களைத் தட்டில் குழைப்பதற்குப் பதில், பார்ப்பவர் கண்ணே கலந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் 1973ல் இதையே வேறு வழியில் காட்டினார். அதிபர் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் நிறச் சதுரங்களாக மாற்றி வெளியிட்டார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கட்டங்கள் மட்டுமே. கண்களைச் சுருக்கியோ, தள்ளி நின்றோ பார்த்தால் லிங்கன் எழுந்து வருகிறார்.

பலூன் ஓவியத்துக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, படத்தைப் பார்க்கப் போதிய தூரம் வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே சிக்கிய இடத்தில் பெரிய ஓவியத்தை வைத்தால், கடந்துபோகிறவர்களுக்கு உருண்டைகள்தான் தெரியும். இரண்டு, லிங்கன் முகம் சில நூறு சதுரங்களிலேயே தெரிந்ததற்குக் காரணம், அவற்றில் கறுப்பு முதல் வெள்ளை வரை பல படிகளில் சாம்பல் நிறம் இருந்தது. பலூனில் அத்தனை படிகள் கிடைக்காது. வெள்ளை, வெள்ளி, சாம்பல், கறுப்பு என்று நாலைந்து படிகளோடு கடை முடிந்துவிடும். ஆகவே தலைவர் படத்தையோ நடிகர் படத்தையோ முதல் முயற்சியில் எடுப்பவர்கள் பெரும்பாலும் திணறிப் போவார்கள். நாலைந்து நிறங்களும் தெளிவான விளிம்புகளும் கொண்ட உருவமே தொடக்கத்துக்கு ஏற்றது. மாம்பழம், மீன், குத்துவிளக்கு, ஒற்றை எழுத்து "அ" போதும்.

கட்டமும் கணக்கும்

ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். கடையில் ஐந்து அங்குலப் பலூன் என்று விற்பதை நான்கு அங்குலத்துக்கு, அதாவது 10 சென்டிமீட்டருக்கு ஊதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே 40, நெடுக்கே 30 என்றால் மொத்தம் 1,200 பலூன்கள். நேர்ப்புள்ளி போல அடுக்கினால் ஓவியம் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் இருக்கும்.

நேராக அடுக்கும்போது நான்கு பலூன்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விழும். பரப்பில் ஏறக்குறைய 78 விழுக்காடுதான் பலூனால் மூடப்படும். மீதியில் பின்புறம் தெரியும். இடைப்புள்ளி போல, ஒரு வரிசையின் இரண்டு பலூன்களுக்கு நடுவே அடுத்த வரிசையின் பலூன் உட்காரும்படி அடுக்கினால் 90 விழுக்காடு மூடிவிடும். உயரம் 3 மீட்டரிலிருந்து சுமார் 2.6 மீட்டராகக் குறையும். ஓவியம் நெருக்கமாகத் தெரியும். கோலம் போடும் அம்மாக்களுக்கு இந்த உண்மை கணித வகுப்புக்குப் போகாமலே தெரிந்த ஒன்று.

படத்தைக் கணினியில் சிறு கட்டங்களாக மாற்றலாம். கணினி இல்லையென்றால் பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத் தாள் போதும். ஒரு கட்டத்துக்கு ஒரு பலூன். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் குறிப்பு எழுத வேண்டும். "வரிசை 7: பச்சை 12, மஞ்சள் 3, பச்சை 25." கூட்டினால் 40 வர வேண்டும். வராவிட்டால் அந்த வரிசையை ஊதத் தொடங்கவே கூடாது. தாளில் செய்யும் தவற்றை ரப்பரால் அழித்துவிடலாம். சட்டத்தில் ஏறிய தவற்றைச் சரிசெய்யப் பக்கத்துப் பலூன்களையும் அவிழ்க்க வேண்டிவரும்.

சட்டத்துக்குக் குழாயோ மரச்சட்டமோ போதும். அதில் கம்பிகளைக் குறுக்கே இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு பலூன்களின் கழுத்தை ஒன்றோடொன்று முடிந்து இரட்டையாக்கி, கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். வரிசை 7ல் மஞ்சள் மூன்று என்பது ஒற்றைப்படை. ஆகவே ஓர் இரட்டை மட்டும் பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாக வரும். இந்தக் கலப்பு இரட்டைகளை முன்கூட்டியே எண்ணித் தனிக் கூடையில் வைத்துக்கொள்பவர்களுக்கு வேலை தடையின்றி ஓடும். கம்பியின் வெட்டு முனைகளுக்கு ஒட்டுநாடா சுற்ற மறக்கக்கூடாது. ஒரு முனை போதும், இருபது பலூன்களைத் தீர்த்துவிடும்.

ஊதுவதிலும் ஒழுக்கம் வேண்டும்

பலூன் ஊதுவது குழந்தை வேலை என்று நினைப்பவர்கள், ஒரே அளவில் நூறு பலூன் ஊதிப் பார்க்க வேண்டும். ஓர் அட்டைப்பெட்டியில் 10 சென்டிமீட்டர் வட்டத்துக்குத் துளை வெட்டிக்கொள்வார்கள். ஊதிய பலூன் அந்தத் துளைக்குள் இழுபறி இல்லாமல், ஆடாமல் நுழைய வேண்டும். பெரிதாக இருந்தால் கொஞ்சம் காற்றை விட வேண்டும். முழு அளவுக்கு ஊதினால் பலூன் பேரிக்காய் வடிவத்துக்குப் போய்விடும். கொஞ்சம் குறைத்து ஊதினால்தான் உருண்டையாக நிற்கும். வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கவும் அது உதவும்.

நிறத்தை உறையிலிருக்கும்போது பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஊத ஊத ரப்பர் மெலியும். நிறமும் வெளுக்கும். கருஞ்சிவப்பு என்று வாங்கியது வெறும் சிவப்பாகும். தேவையான நிறம் கிடைக்காதபோது கைதேர்ந்தவர்கள் ஒரு பலூனுக்குள் இன்னொரு பலூனை நுழைத்து இரண்டையும் சேர்த்து ஊதுவார்கள். வெளியில் வெள்ளை, உள்ளே நீலம் என்றால் மெல்லிய வானநீலம் கிடைக்கும்.

ஹீலியம் வாயு இதற்குத் தேவையே இல்லை. அதன் அணுக்கள் மிகச் சிறியவை. ரப்பரின் வழியே கசிந்துகொண்டே இருக்கும். ஹீலியம் அடைத்த சாதாரண ரப்பர் பலூன் ஒரு நாள் மிதந்தாலே பெரிது. சட்டத்தில் கட்டும் பலூன் மிதக்க வேண்டியதில்லை. சாதாரணக் காற்று ஊதினால், நிழலான உள்ளரங்கில் பல நாள்கள் உருக்குலையாமல் நிற்கும்.

இங்குள்ள தட்பவெப்பம் தனிப் பாடம். குளிரூட்டிய மண்டபத்தில் ஊதிய பலூனை நண்பகல் வெயிலுக்குக் கொண்டுவந்தால் உள்ளே காற்று விரியும், பலூன் பட்டாசாகும். வெயிலில் நின்றால் சில மணி நேரத்தில் பளபளப்புப் போய், மாவு பூசியதுபோல் மங்கிவிடும். ஆகவே இடம் நிழலாக இருக்க வேண்டும். நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் உதிரிப் பலூன்களும் கையில் இருக்க வேண்டும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். கைப்பம்பால் ஒரு பலூனை ஊதி, அளந்து, முடிச்சுப் போட 20 விநாடி என்று வைத்துக்கொண்டால், 1,200 பலூனுக்கு ஒருவருக்கு 6 மணி 40 நிமிடம் ஆகும். விரல் நுனி தேய்ந்துவிடும். பத்துப் பேர் சேர்ந்தால் 40 நிமிடம். ஆக, இது தனியொருவர் கலையாக இருக்க முடியாது. இந்தக் கலையின் பலவீனமும் பலமும் இதுதான்.

சிறிய வீடுகளுக்கு வேறு வழி உண்டு. தடித்த அட்டையில் எழுத்தையோ எண்ணையோ வெட்டி, ஓரத்தில் நான்கு அங்குல உயரத்துக்குச் சுவர்போல் அட்டை ஒட்டி, அந்தத் தொட்டிக்குள் சிறிதும் பெரிதுமான பலூன்களை ஒட்டி நிரப்புவார்கள். ஐம்பது அறுபது பலூன்களில் முடிந்துவிடும். ஒரு குடும்பம் ஒரு மாலைப் பொழுதில் செய்யக்கூடியது.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் சிறு பிள்ளைகளின் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையைப் பலூன் உறையில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. ஆகவே சின்னவர்களுக்கு வரிசைக் குறிப்பை வாசிக்கும் வேலை, நிறம் பிரிக்கும் வேலையைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கக் கொடுக்கலாம். வாயால் ஊதும் வேலை யாருக்குமே வேண்டாம். அடுத்து, ரப்பர்ப் பால் சிலருக்கு ஒவ்வாது. தோல் தடிக்கும், சிலருக்கு மூச்சே திணறும். மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ செய்வதற்கு முன் கேட்டுக்கொள்வது கடமை.

பலூனுக்குள் ஒரு தோட்டம்

இனி, இந்த உரையின் மையப் பகுதி. பலூன் எதிலிருந்து வருகிறது?

முதல் ரப்பர் பலூனைச் செய்தவர் ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே. 1824ல், ஹைட்ரஜன் வாயுவைப் பற்றிய சோதனைகளுக்காக, இரண்டு ரப்பர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரங்களை அழுத்தி ஒட்டினார். உட்புறம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவினார். இன்று கடையில் கிடைக்கும் வகை, ரப்பர்ப் பாலில் அச்சை முக்கியெடுத்துச் செய்வது. அமெரிக்கர் நீல் டில்லட்சன் 1931ல் பூனைத்தலை வடிவ அட்டையைப் பாலில் முக்கி அதைத் தொடங்கிவைத்தார்.

அந்தப் பால் எங்கிருந்து வந்தது என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேசிலிலிருந்து 1876ல் லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த 22 கன்றுகள் 1877ல் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு 1888ல் பொறுப்பேற்ற ஹென்ரி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் மெல்லிய பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மலாக்காவில் 1896ல் டான் சாய் யான் வணிகத்துக்கென்று ரப்பர் பயிரிட்டார். அதன்பின் காடுகள் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்தது.

விடியுமுன்னே பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரையில் இறங்கி, கத்தியால் பட்டையைச் சீவி, மங்கைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்த கைகள் அவை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் அத்தனை அதிகாலை. மழை பெய்தால் வேலையும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஐந்து அங்குலப் பலூன் ஒன்றின் எடை சுமார் ஒரு கிராம். 1,200 பலூன் என்றால் 1.2 கிலோ. ஒரு பால்மரம் ஒரு முறை வெட்டும்போது தருவது, காய்ந்த ரப்பராகக் கணக்கிட்டால் சுமார் 25 முதல் 40 கிராம். ஆக, கீழ்த்தளத்தில் நிற்கும் அந்த ஓவியத்துக்குப் பின்னால் முப்பது முதல் ஐம்பது மரங்களின் ஒரு காலைப் பால் இருக்கிறது. ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான மரங்களில் அது ஒரு சிறு பகுதிதான். ஆனாலும் அது ஒரு மனிதரின் காலை.

மலேசியாவின் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. இன்று வாங்கும் பலூனின் பால் தாய்லாந்தில் வெட்டியதாகவும் இருக்கலாம். எங்கே வெட்டியிருந்தாலும் வேலை ஒன்றுதான். அந்த வேலையைச் செய்தவர்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். பேரப்பிள்ளைக்குப் பலூன் தெரியும். பாட்டியின் கை தெரியாது. பாட்டிக்கும், பேசத் தொடங்க ஒரு காரணம் கிடைப்பதில்லை.

பலூன் மொசைக் அந்தக் காரணமாக முடியும். பால்மரத்தையே ஓவியமாக எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிறத்தில் மரத்தண்டு, பச்சையில் பின்புறம், வெள்ளையில் சாய்வான பால்கோடு, அடியில் ஒரு மங்கு. நான்கே நிறங்கள். இங்கே ஓர் அழகான பொருத்தமும் உண்டு. ஒட்டுக்கன்று மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சுமார் 30 பாகைச் சாய்வில் இறங்கும். பலூன்களை வரிசை வரிசையாகப் பக்கவாட்டில் தள்ளி அடுக்குவதற்குப் பதில், கம்பிகளை நெடுக்காகக் கட்டி, பத்தி பத்தியாக அரைப் பலூன் அளவு மேலும் கீழுமாகத் தள்ளி அடுக்கினால் கிடைக்கும் சாய்வும் சரியாக 30 பாகை. வெள்ளைப் பலூன்கள் தாமாகவே பால்கோட்டின் சாய்வில் வந்து அமரும். அந்த வேளையில், பக்கத்து நாற்காலியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டி, "அந்தப் பக்கமா சாயக்கூடாதுய்யா, இந்தப் பக்கம்தான் கோடு இறங்கும்" என்று திருத்தினால், அங்கே ஒரு வகுப்பறை தொடங்கிவிட்டது என்று பொருள். பாடநூலில் இல்லாத பாடம், அதைச் செய்தவர் வாயாலேயே கிடைக்கிறது.

குப்பை என்ற குற்றச்சாட்டு

இப்போது எதிர்வாதத்துக்கு வரலாம். பலூன் குப்பை உண்மையான தொல்லை. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் 1986 செப்டம்பர் 27ஆம் தேதி, நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றில் ஏறக்குறைய 1.5 மில்லியன் பலூன்களை ஒரே நேரத்தில் வானில் விட்டார்கள். மழைக்காற்று அவற்றைக் கீழே தள்ளியது. ஏரியெங்கும் பலூன் மிதந்தது. ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையையே மூட வேண்டியதாயிற்று. அப்போது அந்த ஏரியில் காணாமற்போன இரண்டு மீனவர்களைத் தேடிய கடலோரக் காவலர்களுக்கு, மிதக்கும் பலூன்களுக்கு இடையே எதையும் பிரித்தறிய முடியவில்லை. பின்னர் அவர்கள் சடலங்களாகவே கிடைத்தனர்.

"ரப்பர் இயற்கைப் பொருள்தானே, மக்கிவிடும்" என்று சொல்வது பழக்கம். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலூன்களை நன்னீரிலும் கடல்நீரிலும் மக்குக் குவியலிலும் 16 வாரம் வைத்துப் பார்த்து, 2021ல் முடிவை வெளியிட்டனர். பலூன்கள் தம் வடிவத்தைப் பெரும்பாலும் இழக்கவில்லை. மரத்திலிருந்து வருவது பால்தான். ஆனால் பலூன் ஆவதற்குள் கந்தகமும் சாயமும் வேறு இரசாயனங்களும் அதில் சேர்ந்துவிடுகின்றன. கடலில் விழுந்த பலூன் துண்டு மிதக்கும்போது ஜெல்லி மீனைப் போலிருக்கும். ஜெல்லி மீனைத் தின்னும் ஆமைகள் அதையும் விழுங்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021லும், அமெரிக்காவின் ஃபுளோரிடா 2024லும் பலூன்களை வானில் விடுவதைத் தடை செய்ததற்குக் காரணம் உண்டு.

இந்தக் குற்றச்சாட்டில் மொசைக் ஓவியத்துக்கு எவ்வளவு பங்கு? அது பறப்பதில்லை. காற்று நிரம்பி, கம்பியில் கட்டுண்டு நிற்பது. ஆனால் அவிழ்க்கும் நேரத்தில் அலட்சியம் புகுந்தால் அதுவும் குற்றவாளிதான். நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகளை விட்டுக் குத்தி வெடிக்கச் செய்வது பல இடங்களில் வழக்கம். சத்தம் வேடிக்கையாக இருக்கும். துண்டுகள் வடிகாலுக்குப் போகும். வடிகால் ஆற்றுக்கும் கடலுக்கும் போகும்.

சரியான முறை எளிது. பலூனின் கழுத்தை முடிச்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு. காற்று மெல்ல வெளியேறும். பலூன் ஒரே துண்டாகக் கையில் இருக்கும். முடிந்த வரிசைகளை எண்ண வேண்டும். 1,200 ஏறியிருந்தால் 1,200 இறங்க வேண்டும். நடுவில் வெடித்தவற்றின் துண்டுகளை அவ்வப்போது பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவந்தால் கணக்கு ஒத்துவரும். சட்டமும் கம்பியும் அடுத்த ஆண்டுக்குப் பத்திரமாகும். தேசிய தினத்துக்குக் கொடியாக நின்ற சட்டம் தீபாவளிக்குக் குத்துவிளக்காக நிற்கலாம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு விருந்துக்கும், படம் எடுத்துக்கொள்ளப் பின்புறம் வேண்டும் என்பதற்காக ஆயிரம் பலூன் கட்டி மறுநாள் எறிவதற்கு இந்த உரையில் இடமில்லை. ஆள் வைத்துக் கட்டச் சொல்லி, வந்து நின்று படமெடுத்துப் போவதில் எதிரணி சொல்லும் வீண் எல்லாமே இருக்கிறது. அதில் ஓவியத்தின் அழகு இருக்கலாம். அதன் பயன் இல்லை.

எது நிலைக்கிறது?

மீண்டும் நடுவரின் கேள்விக்கு வரலாம். நிலைக்காத கலைகளால் பயன் உண்டா?

பொம்பெய் தரை ஈராயிரம் ஆண்டு நிலைத்தது. அதைப் பதித்த கைகளின் பெயர் ஒன்றும் நிலைக்கவில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கட்டிய பலூன் ஓவியம் ஒரு வாரம்தான் நிற்கும். ஆனால் நான்காம் மாடிக்காரருக்கும் ஒன்பதாம் மாடிக்காரருக்கும் அதன்பிறகு ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியும். மின்தூக்கியில் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. "உங்க வரிசையிலே மஞ்சள் ஒண்ணு குறைஞ்சுபோச்சே, ஞாபகம் இருக்கா?" என்று சிரிக்கலாம்.

கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு, 40 வராத வரிசையை 40 ஆக்குவது வீட்டுப்பாடமாகத் தோன்றாது. தோட்டத்தில் வாழ்ந்த முதியவருக்கு, தம் வாழ்க்கையைச் சொல்ல ஒரு மேடை கிடைக்கும். அவர் மேடை ஏற வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசலாம்.

ஆகவே சமூக மன்றங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஆலயங்களின் இளைஞர் பிரிவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறை போதும். ஒரு படம், ஒரு சட்டம், பத்துக் குடும்பங்கள். ஊதும் குழுவுக்குப் பெயர் எழுதும் தாளிலேயே, அவிழ்க்கும் குழுவுக்கும் பெயர் எழுதுங்கள். தோட்டத்தில் வேலை பார்த்த முதியவர் ஒருவரையாவது அழைத்து வந்து நடுவில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் கையில் ஒரு பலூனைக் கொடுத்து, "இது எதிலிருந்து வந்தது என்று தாத்தாவிடம் கேள்" என்று சொல்லுங்கள். மற்றதைத் தாத்தா பார்த்துக்கொள்வார்.

அப்படிச் செய்யப்படும் இடத்தில், நிலைக்காத இந்தக் கலையால் பயன் உண்டு என்பதே இந்த உரையின் முடிவு. தீர்ப்பு நடுவர் கையில்.